அம்மாக்களுக்கான நாற்காலிப் போட்டி

ஏற்காடு,
22-1-1995, ஞாயிறு.

அன்பு மனைவி ஜரீனாவுக்கு, உன் கணவன் சிக்கந்தர் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கு நானும் மகள் மைமூனும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். என்னுடைய இடது முழங்காலும் இடுப்பும் மட்டும் இந்த நலத்தில் சேராது. அதற்கான காரணம் கீழே வருகிறது. அறந்தாங்கியில் நீயும், உன்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் தையல் டீச்சரும், உன் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் நலமாக இருக்க துஆச் செய்கிறேன்.

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. டீச்சர் வேலையை ராஜினாமா செய்துவிட்டு மலைக்கே திரும்பிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டவே வேண்டாம். எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்து வைத்துவிட்டு ஒன்பது வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை. இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. பிள்ளைக்குத்தான் சில நேரம் உன் நினைப்பு வந்துவிடுகிறதே தவிர, எனக்கு ஒரு குறையும் இல்லை. நேற்று அவள் பள்ளிக்கூடத்தில் குடும்ப விழா நடந்தது. அதை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். படித்தால் உனக்கே தைரியம் வந்துவிடும்.

காலையில் முதல் வேலை இரட்டைச் சடை. ஒன்று காதுக்கு மேலே நின்றது, இன்னொன்று கழுத்துக்குக் கீழே தொங்கியது. மேலே உள்ளதை இறக்கினால் கீழே உள்ளது ஏறிக்கொண்டது. நாலு தடவை அவிழ்த்துப் பின்னிய பிறகு, தலையைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டால் இரண்டும் சமமாகத் தெரிகிறது என்று மைமூனே கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடித்தாள். விழா முடிகிறவரை அப்படியே இருந்தாள். கழுத்து சுளுக்கா என்று இரண்டு பேர் கேட்டார்கள், ஒருவர் தைலமே கொடுத்தார். அடுத்தது, குடும்பத்துக்கு ஒரு பலகாரம் கொண்டுபோக வேண்டும். சேமியா பாயசம் வைத்தேன். வைத்தபோது பாயசமாகத்தான் இருந்தது. டிபன் கேரியரில் ஊற்றி, குளிரில் மேடேறிப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் சேமியா பாலை எல்லாம் குடித்துவிட்டது. கவிழ்த்தால் செங்கல் மாதிரி நின்றது. நம் ஸ்வெட்டர் கடைக்குப் பக்கத்தில் தையல் மிஷின் போட்டிருக்கிற மரியசெல்வி, தன் பையனை விழாவுக்கு அழைத்து வந்திருந்தாள். அவள்தான் சிரித்துக்கொண்டே அதைக் கத்தியால் துண்டு போட்டுத் தட்டில் அடுக்கினாள். நம்பினால் நம்பு, முதலில் காலியானது அந்தத் தட்டுதான். எப்படிச் செய்தீர்கள் என்று ஒரு எஸ்டேட் ரைட்டரின் மனைவி பக்குவம் கேட்டார். கொஞ்ச நேரம் ஆற விட வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

பிறகுதான் மைக்கில் அம்மாக்களுக்கான நாற்காலிப் போட்டி என்று கூப்பிட்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் அவரவர் அம்மாவைப் பிடித்து மைதானத்துக்குள் தள்ளினார்கள். மைமூன் கண் கலங்கி நின்றாள். அத்தா, நீங்களாவது ஓடுங்களேன் என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். பெற்றவன் மனசு தாங்குமா? எனக்கு இதிலெல்லாம் விருப்பம் கிடையாது, உனக்கே தெரியும். பிள்ளைக்காகப் போனேன். டிரில் மாஸ்டர் ஓடி வந்து, "இது லேடீஸ் போட்டிங்க" என்றார்.

"ஏனுங்க சார், சோறாக்குறது நானு, துணி தொவைக்கிறது நானு, சடை போடுறதும் நானுங்க. நாக்காலியில மட்டும் உக்காரக் கூடாதுங்களா?" என்று கேட்டேன். அவர் மைமூனின் சடையை ஒரு தடவை பார்த்தார். உடனே விசிலை ஊதிவிட்டார்.

பன்னிரண்டு பெண்கள், நடுவில் நான். யார் மேலும் கை பட்டுவிடக் கூடாதே என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடினேன். பார்த்தவர்களுக்குப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிற ஆள் மாதிரிதான் தெரிந்திருக்கும். எப்படியோ ஒவ்வொருவராக வெளியே போய், கடைசியில் ஒரே ஒரு நாற்காலி. கரடியூரிலிருந்து வந்த பாப்பாத்தி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அந்த நேரம் பார்த்து மூடுபனி இறங்கியது. பாட்டு கேட்கிறது, நாற்காலியைக் காணோம். பாட்டு நின்றதும் கண்ணில் பட்ட நாற்காலியில் தாவி உட்கார்ந்தேன். கைதட்டல் பலமாக இருந்தது. பனி கொஞ்சம் விலகியதும்தான், மெத்தை வைத்த நாற்காலி என்பது உறைத்தது. டீ குடிக்க எழுந்துபோன சிறப்பு விருந்தினர் கையில் கப்போடு என் முன்னால் நிற்கிறார். மைதானத்து நாற்காலியில் பாப்பாத்தி உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். மனுஷர் தங்கமானவர். முப்பது வருஷம் சர்வீஸ் போட்டு நான் பிடித்த நாற்காலியை இவர் பன்னிரண்டு சுற்றில் பிடித்துவிட்டார் என்று மைக்கில் சொன்னார். மன்னிப்புக் கேட்டுப் பின்னால் நகர்ந்தேன், மைக் ஒயர் காலில் மாட்டியது. முழங்கால், இடுப்பு விவரம் இதுதான். இரண்டாம் பரிசு ஒரு ரவிக்கைத் துணி. வாடாமல்லி நிறம், உனக்குப் பிடிக்காது. இருந்தாலும் தபாலில் அனுப்புகிறேன்.

கடைசியில் குடும்பம் குடும்பமாக போட்டோ எடுத்தார்கள். எங்கள் முறை வந்தது. போட்டோக்காரர், அம்மா வரட்டும் என்று காத்திருந்தார். வெளியூரில் வேலை, வரவில்லை என்று சொன்னேன். கேமராவுக்குள் பார்த்தவர் மறுபடி தலையைத் தூக்கி, "நடுவுல ஒரு ஆள் நிக்கிற எடம் காலியா இருக்குதுங்க. ஒட்டி நில்லுங்க" என்றார். குனிந்து பார்த்தேன். சரியாக நீ நிற்கிற அகலம். பிள்ளை நகர மாட்டேன் என்று நின்றுவிட்டாள். சரி, அப்படியே எடுங்கள் என்று சொல்லிவிட்டேன். பிரிண்டு வந்ததும் ஒன்று அனுப்புகிறேன்.

ஆகவே இங்கே கவலைப்பட ஒன்றுமில்லை. வேலையை விடாதே. பெருநாளைக்கு லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டாலும் நாங்கள் சமாளித்துக்கொள்வோம். குளிரில்லாத ஊர் என்று மின்விசிறியை நேராகத் தலைக்கு மேல் வைத்துத் தூங்காதே. தையல் டீச்சருக்கு என் வணக்கம். அல்லாஹ் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள
சிக்கந்தர்.

பின்குறிப்பு: தாளில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறது, நானும் அம்மாவுக்கு எழுதுகிறேன் என்கிறாள் மைமூன். நல்ல பழக்கம்தானே. நான் கடை திறக்கப் போகிறேன். அவளே எழுதி, ஒட்டி, பெட்டியில் போட்டுவிடுவாள்.

அம்மா, நான் மைமூன். அத்தா எழுதுனத முழுசும் படிச்சேன். நான் அழவே இல்ல. அத்தாவ ஓடச் சொல்லவும் இல்ல. மரியசெல்வி அத்தைதான் எனக்காக ஓடுறேன்னு செருப்பக் கழட்டி வெச்சாங்க. அதுக்குள்ள அத்தா ஓடிட்டாங்க. போட்டோவுல நகராம நின்னதும் அத்தாதான். எனக்கு ஸ்கூல்ல நாலு பிரண்டு இருக்காங்க. சாயந்திரம் வெளையாடப் போயிடுவேன். அத்தா ஊட்டுல ஒருத்தராவே உக்காந்திருப்பாங்க. நீங்க வேலைய உட வேண்டாம் அம்மா. ஆனா அத்தாவுக்கு மட்டும் நொம்பப் பெரிய லெட்டரா எழுதுங்க. எனக்குச் சின்னதா எழுதுனாப் போதும்.