கரப்பான் பெட்டியின் மூடி

பொய். எல்வீரா தன் புருஷனை வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. "கரப்பான்பூச்சிக்கு வீட்டுல இடம் குடுத்துட்டு, கட்டினவனைத் தெருவுல விட்டுட்டா" என்று எதிர்வீட்டு மேவிஸ் ரொட்டிக் கடையில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறாளே, அத்தனையும் பொய். இந்த ஹோம் ஹில் ஊரில் ஒரு மனிதர் கைப்பெட்டியோடு தெருவில் இறங்கினால் போதும், கரும்பு ரயில் முனை திரும்புவதற்குள் கதை ஆற்றுப்பாலத்தைத் தாண்டிவிடுகிறது. நான் பக்கத்து வீடு. வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தவள். மேவிஸ் பார்த்தது கைப்பெட்டியை மட்டும்.

முதலில் அந்தப் புருஷன் ஒட்டாவியோ என்ன இனம் என்று தெரிந்துகொள்ளுங்கள். மனிதரில் மூடி திறப்பவர் என்று ஓர் இனம் உண்டு. கெட்ட இனம் இல்லை. குடிக்காது, ஏமாற்றாது, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும். ஆனால் எதையும் மூடி வைத்திருக்கப் பொறுக்காது. தக்காளிச் சாறு கொதிக்கிறதா என்று பாத்திரத்தைத் திறக்கும், மாவு பொங்குகிறதா என்று துணியைத் தூக்கும், காயம் ஆறுகிறதா என்று கட்டைப் பிரிக்கும், கத்தரி விதை முளைக்கிறதா என்று மண்ணைக் கிளறும், ரொட்டி வேகிற அடுப்பின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு "இன்னும் வேகலையே" என்று நம்மைப் பார்த்து வருத்தப்படும். திறந்ததால்தான் வேகவில்லை என்று சொல்லிப் பாருங்கள். காதில் ஏறாது. "சும்மா ஒரு பார்வை" என்பார்கள். அந்த ஒரு பார்வையில் எத்தனை கேக் அமுங்கிப் போயிருக்கிறது, தெரியுமா?

இப்படிப்பட்ட மனிதர் கரும்பு வெட்டும் வண்டி ஓட்டுவதை விட்டு ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தால் எல்வீராவின் சமையலறை என்னவாகும்? மக்காய் ஊரில் இருக்கிற மகள் நிவெஸ்தான் வழி கண்டுபிடித்தாள். டவுன்ஸ்வில்லில் ஒரு கடையிலிருந்து வளை தோண்டும் பெரிய கரப்பான் ஒரு ஜோடி வாங்கி, மணல் நிரப்பிய பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தாள். நாய் வாங்கியிருக்கலாம். நாய்க்கு மூடி கிடையாது. அந்த யோசனை அவளுக்கு வரவில்லை, பாவம்.

உள்ளங்கை நீளம், சிறகில்லாத பழுப்பு உடம்பு, தொட்டால் சீறும். பெண்ணுக்கு அதீலியா என்று தன் தாயின் பெயரை எல்வீராவே வைத்தாள். சீறுவது அப்படியே அம்மா என்றாள். ஆணின் பெயர் யாருக்கும் நினைவில்லை. அந்த வீட்டில் ஆண்களின் நிலைமை அவ்வளவுதான்.

இந்த ஜாதி முட்டையை வயிற்றிலேயே வைத்திருந்து குட்டியாக ஈனும். ஈன்ற பிறகும் விட்டுவிடாது. மாதக்கணக்கில் வளைக்குள் கூடவே வைத்துக்கொண்டு, மேலேயிருந்து யூகலிப்டஸ் சருகு இழுத்துப் போய்க் குட்டிகளுக்குக் கொடுக்கும். இதை நிவெஸ் சொன்னதும் ஒட்டாவியோவின் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அதற்குப் பிறகு அவருக்கு ஆசை.

பார்க்கத்தானே ஆசை? பார்த்தார். அதீலியாவின் வயிறு தடித்ததும் மூடியைத் திறந்தார், சருகை விலக்கினார், கரண்டிக் காம்பால் வளையைக் கொஞ்சம் அகலப்படுத்தினார், மூடினார், மூடியது சரியா என்று திறந்து பார்த்தார். சில நாளில் முட்டைப்பை முதிராமல் மணல்மேல் கிடந்தது. அடுத்த தடவையும் அப்படியே. குற்றவாளியைத் தேடினார். மணல் சரியில்லை, சருகு வேறு மரத்துடையது, எல்வீராவின் ரேடியோ சத்தம், மேவிஸின் புல்வெட்டி, ஆண் சோம்பேறி. வீட்டில் அவர் ஒருவரைத் தவிர எல்லோரும் சந்தேகத்துக்கு உள்ளானார்கள்.

மூன்றாம் தடவை வயிறு தடித்தபோது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் டவுன்ஸ்வில் கடைக்கே போனார்கள். கடைக்காரப் பெண் ஷானா கேட்டாள்.

"எத்தனை தடவை திறக்கறீங்க, ஒட்டாவியோ?"

"திறக்கறதா? எப்பவாவது."

எல்வீரா இருமினாள். "காபிக்கு முன்ன எப்பவாவது. காபிக்கு அப்புறம் எப்பவாவது. காபி ஆறுறதுக்குள்ள எப்பவாவது."

"சுமக்கறப்ப வளையைக் கலைச்சா அது பயந்து தள்ளிடும்," என்றாள் ஷானா. "இதுக்கும் வயசாயிட்டு வருது. இந்தத் தடவை போச்சுன்னா அப்புறம் எனக்குத் தெரியல. தண்ணி தெளிக்க, சருகு போட மட்டும் திறங்க. அதுவும் நீங்க வேண்டாம், அவங்க திறக்கட்டும்."

ஒட்டாவியோ சத்தியம் செய்தார். உண்மையாகத்தான் செய்தார். இந்த இனம் சத்தியத்தை மனதாரச் செய்யும். கைதான் அந்தச் சத்தியத்தில் சேராது. மூடிக்கு நாடா ஒட்டினார், நாடா நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தார். எல்வீரா பெட்டியைத் துணி துவைக்கிற அறையில் வைத்துப் பூட்டினாள். கல்யாணமான நாள் முதல் சோப்பு எங்கே இருக்கிறதென்று அறியாத மனிதர், சாவியைக் கொடு, துணி துவைக்கிறேன் என்று நிற்க ஆரம்பித்தார். துவைத்தும் போட்டார். என் வேலியிலிருந்து பார்த்தால் உலர்ந்த துணியெல்லாம் மறுபடி ஈரமாய்த் தொங்கும்.

ஒருநாள் காலையில் பெட்டிமேல் காதை மட்டும் வைத்தாராம். உள்ளே அதீலியா சீறினாள். ஒட்டாவியோ தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னைப் பாத்துத்தான் சீறுது, எல்வீரா."

"எங்கம்மாவும் உன்னைப் பாத்துத்தான் சீறினா. விடு."

"நான் இங்க இருந்தா இது பெறாது. நிவெஸ் வீட்டுக்குப் போறேன். குட்டிங்க வெளிய வந்தப்புறம் சொல்லி அனுப்பு."

"அவ்வளவு நாளா?"

"அவ்வளவு நாள்தான்."

எல்வீரா போகச் சொல்லவில்லை. மேவிஸ் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அவள் அழுதுகொண்டே சட்டைகளை மடித்தாள். துரத்துகிறவள் இஸ்திரி போடுவாளா?

போன வியாழக்கிழமை கிளம்பினார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "தண்ணி தெளிச்சியா?" தெளித்தாகிவிட்டது. போனார். தொப்பியை மறந்துவிட்டேன் என்று வந்தார். தொப்பி தலையில் இருந்தது. எல்வீரா நாற்காலியைத் துவைக்கிற அறை வாசலில் போட்டு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தாள்.

"சும்மா ஒரு பார்வை, எல்வீரா. நான் தொடக்கூட மாட்டேன்."

"போ, ஒட்டாவியோ."

"பஸ் போயிடும்ப்பா," என்றேன் நான் வேலியிலிருந்து.

எதிரே மேவிஸ் ஜன்னல் திரையை ஒரு விரல் அகலம் விலக்கியிருந்தாள். அவளும் அதே இனம்தான், மூடி மட்டும் வேறு. ஒட்டாவியோ வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் முழங்கைவரை திணித்துக்கொண்டு படியிறங்கினார். கேட்டைத் தாண்டினார். மாமரத்தைத் தாண்டினார். திரும்பிப் பார்க்கவில்லை. அவர் வாழ்க்கையில் திறக்காமல் விட்டுப் போன முதல் மூடி அது. இதைத்தான் பெண்டாட்டி துரத்தினாள் என்கிறார்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று, குட்டி போட்டதா, எத்தனை, சருகு இழுத்துக் கொடுக்கிறதா என்றுதானே கேட்க வாயெடுக்கிறீர்கள்? எனக்குத் தெரியாது. எல்வீராவுக்கும் தெரியாது. மணலுக்குள் இருக்கிறது, மூடி மூடியிருக்கிறது. கடைசி வரியில் ஏதாவது சொல்லியிருப்பேன் என்று நடுவிலேயே இங்கே வந்து எட்டிப் பார்த்தீர்களே, நீங்கள் என்ன இனம் என்று என் வாயால் வேறு சொல்ல வேண்டுமா? கையை எடுங்கள்.