மேலே வைத்த மூன்று சீட்டு

கீதாவை எங்கேயும் அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தேன். வயல் நடுவில் நின்று வாய்விட்டே சொன்னேன். வீட்டில் சொல்கிற தைரியம் இருந்தால் வயலுக்கு ஏன் வருகிறேன்?

விஷயம் இதுதான். உத்திரமேரூரில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் சமையலுக்கு ஆள் கேட்டார்கள். என் மனைவி கீதா போகலாம் என்றிருக்கிறாள். ஹாஸ்டல் சமையல் என்றால் அங்கேயே தங்கல். மானாம்பதியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு அவள் இனிமேல் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. மகன் தினேஷ்குமார் துபாயில். மகள் திவ்யா ஓசூரில். மிச்சம் நானும் ஒரு பசுமாடும்.

மாட்டைச் சொல்லித் தடுத்துப் பார்த்தேன்.

"நீ போயிட்டா மாடு இன்னா பண்ணும்?"

"மாடு மேயும். நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"எனுக்கு இன்னா? நான் இருப்பேன்."

"அப்ப சரி," என்றாள். பேச்சு முடிந்துவிட்டது.

குடத்தில் ஓலை போட்டுத் தேர்தல் நடத்திய ஊர்ப் பக்கம் எங்களுடையது. எங்கள் வீட்டில் தேர்தல் வைத்தால் குடமும் அவளிடம், ஓலையும் அவளிடம். அதனால் வேறு வழி தேடினேன். அப்போதுதான் டாரட் சீட்டு ஞாபகம் வந்தது.

சீட்டு என்றால் எனக்குத் தெரிந்தவை ஏலச்சீட்டும் ரம்மிச் சீட்டும்தான். இது மூன்றாவது ரகம். திவ்யா கொடுத்தது. போன வருஷம் அவள் வயிற்றில் இருந்த குழந்தை தங்கவில்லை. அதற்கப்புறம் அவள் யாரோடும் பேசவில்லை. கீதா ஓசூருக்குப் போய்க் கூடவே இருந்தாள். யாரோ ஒரு தோழி இந்தப் படச் சீட்டுக் கட்டைக் கொடுத்து, தினம் ஒன்றை எடுத்துப் பார், பார்த்ததும் மனதில் என்ன தோன்றுகிறதோ அதைச் சொல் என்றாளாம். அப்படித்தான் மகளுக்குப் பேச்சு திரும்பியது. கீதா ஊருக்கு வரும்போது ஒரு கட்டும் கூட வந்தது.

"கிளி இல்லாத கிளி ஜோசியமா?" என்று கேட்டேன்.

"ஜோசியம் இல்ல. நாளைக்கு இன்னா நடக்கும்னு இது சொல்லாது. இன்னிக்கி உள்ள இன்னா கீதுன்னு கேக்கும்."

எனக்கு உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

இப்போது அந்தச் சீட்டை வைத்தே அவளை நிறுத்த முடியுமா என்று பம்புசெட்டில் ஜான்சனிடம் யோசனை கேட்டேன். பக்கத்து நிலத்துக்காரன், நெருங்கின சிநேகிதன்.

"கிளி சீட்டு எடுக்குதே, அதுக்கா தெரியும் எந்தச் சீட்டுன்னு?" என்றான்.

"தெரியாது."

"யாருக்குத் தெரியும்?"

"கிளிக்காரனுக்கு."

"அவ்ளோதான் மேட்டரு," என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டான்.

கீதா தினமும் குளித்துவிட்டு வந்து மூன்று சீட்டு எடுத்துப் பார்ப்பாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் கட்டைப் பிரித்தேன். பார்த்தாலே பயமுறுத்துகிற மூன்று படங்களைத் தேடினேன். இடி விழுந்து எரிகிற கோபுரம், அதிலிருந்து தலைகுப்புற விழுகிற இரண்டு பேர். கோப்பைகளை அடுக்கி வைத்துவிட்டு முதுகைக் காட்டிப் போகிற ஓர் ஆள். மலை உச்சியில் தனியாக விளக்கு பிடித்து நிற்கிற ஒரு கிழவன். மூன்றையும் மேலே வைத்தேன். நீ போனால் வீடு இடியும், அடுக்கின பாத்திரம் அனாதையாகும், கடைசியில் தனியாக நிற்பாய். பாஷை தெரியாதவனுக்கும் புரியும்.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, சீட்டு வைக்கத் துண்டை விரித்தாள். "நானே கலைச்சித் தரேன்," என்றேன். கல்யாண வீடுகளில் ரம்மி ஆடிப் பழகின கை. கலைத்த மாதிரி இருக்கும், மேல் சீட்டு நகராது.

கீதா மூன்றையும் எடுத்து வைத்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"போவாதன்னு சொல்லுதே," என்றேன், வருத்தமாக.

"நீங்க எடுத்து வெச்சதா?"

"இன்னா பேசற? கைக்கு வந்தது."

"எழுவத்தெட்டு சீட்டு கீது இதுல. சூரியன் கீது, சிரிக்கிற கொழந்த கீது. எல்லாத்தையும் வுட்டுட்டு இது மூணும் ஒண்ணா வந்துகீது." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "தானா வர்ற சீட்டுலியே மனசு தெரியும்னு திவ்யா சொல்லும். நீங்க தேடி எடுத்துகீறீங்க. இன்னும் நல்லாத் தெரியும். சொல்லுங்க, இந்தக் கெழவன் யாரு?"

"யாரோ சாமியாரு."

"நல்லாப் பாருங்க."

பார்த்தேன். கையில் விளக்கு இருக்கிறது. அந்த வெளிச்சத்தில் எதிரே ஒரு ஆள் இல்லை.

"நான்தான்," என்றேன்.

நான் பேச ஆரம்பித்தேன். அவள் ஓசூரில் இருந்தபோது நின்றுகொண்டே சாப்பிட்டதைச் சொன்னேன். ஆள் குரல் கேட்கட்டும் என்று டிவியை அணைக்காமல் விட்டதைச் சொன்னேன்.

"பேத்தியோ பேரனோன்னு மனசுக்குள்ளயே பேசிகினு இருந்தேன். அப்பறம் அது இல்லன்னு ஆச்சி. யாருகிட்ட சொல்றது? மாட்டுகிட்டதான் சொன்னேன்."

கீதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நானும்தான் சொல்லல. இந்த வூட்ல ஒரு சத்தமும் இல்ல. அங்க பொண்ணுங்க சோறு பத்தலன்னு கத்தும், கொயம்பு காரம்னு கத்தும். அது வோணும் எனுக்கு."

எனக்கு அவளை மறிக்க மனசு வரவில்லை. முப்பது வருஷத்தில் முதல்முறையாக ஒரு பெருந்தன்மை என்னைப் பிடித்துக்கொண்டது.

"சரி. போ. ஞாயித்துக்கெயமைக்கு வந்தா போதும்."

"ஞாயித்துக்கெயமைக்கா? பொயுது சாயறதுக்குள்ள தெனமும் வந்துடுவேன்."

"தங்கறது?"

"ஹாஸ்டல்ல தங்கறது பொண்ணுங்க. சமைக்கறவங்க தங்கணும்னு நான் எப்ப சொன்னேன்?"

"சொல்லலியே."

"நீங்க கேக்கலியே. வாயத் தொறந்து கேப்பீங்களான்னுதான் பாத்துகினு இருந்தேன்."

சீட்டுகளை அடுக்கி டப்பாவில் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, ஒன்றும் நடக்காத மாதிரி, எப்போது சேர வேண்டும் என்று கேட்டேன்.

"நாளைக்கு. பஸ்ஸுக்கெல்லாம் நிக்க மாட்டேன், எங்க வூட்டுக்காரரு சந்தோஷமா வண்டில இட்டாந்து வுட்டு, சாயந்திரம் இட்டுகினு போவாருன்னு போன வாரமே அவங்ககிட்ட சொல்லிட்டேன்."