இரண்டு கைச் சுளுக்கு

வலது கையில் கட்டுத்துணியை முழங்கை வரை சுற்றி முடிப்பதற்குள் வாசல் மணி மூன்று முறை அடித்துவிட்டது. பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள். மருந்துக்கடை நடத்துகிறவள், கட்டுப் போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஊரே அவளை மாத்திரைக்கா என்றுதான் கூப்பிடும்.

வாசலில் அவளுடைய நண்பர்கள் மூன்று பேர். பல் டாக்டரின் தோளில் கயிறு. தையல்காரி தலையில் ஹெல்மெட். பூகோள வாத்தியார் கையில் வரைபடம். அவர் குளிக்கப் போனாலும் வரைபடத்தோடுதான் போவார்.

"கிளம்பலாமா மாத்திரைக்கா? இன்னைக்குப் பாறை, நாளைக்குக் கடல்!"

"கை சுளுக்கிடுச்சு டாக்டர்."

"அடடா! அப்ப பாறை வேண்டவே வேண்டாம்," என்றார் டாக்டர். மூன்று முகங்களும் மலர்ந்தன. தனக்காக விட்டுக்கொடுக்கிறார்களே, எவ்வளவு நல்ல மனசு என்று அவள் உருகிப்போனாள்.

எல்லாம் ஒரு விளம்பரத்தால் வந்த வினை. கடைச் சுவரில் ஒரு வலித்தைலக் கம்பெனி ஒட்டிவிட்டுப் போன பெரிய படம். ஹெல்மெட் போட்ட ஒருத்தி செங்குத்துப் பாறையில் தொங்குவாள். பக்கத்துப் படத்தில் அவளே கடலில் கயாக் என்ற ஒல்லிப் படகு ஓட்டுவாள். முகம் தெரியாது. மாத்திரைக்கா இந்த ஊருக்கு வந்த முதல் வாரம் இந்த மூவரும் கடைக்கு வந்து, "அது நீங்களா?" என்று கேட்டார்கள். மூன்று ஊர் மாறியும், "சாப்பிட்டியா?" என்று கேட்க ஒரு நாதியில்லாமல் இருந்தவள் அவள். பேச்சு அதோடு நின்றுவிடக் கூடாதே என்று, "ஆமா, லீவு நாள்ல அதான் வேலை," என்று சொல்லிவைத்தாள்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்களுக்கும் அதான் உயிர்!" என்றார்கள்.

"பொழுதே போகலன்னு இதுக்கு முன்னாடி இருந்த ரெண்டு மருந்துக்கடைக்காரங்களும் ஓடிட்டாங்க. நீங்க ஓடிடாதீங்க," என்றாள் தையல்காரி.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இது நாலு மாதம் ஓடிவிட்டது. சனி ஞாயிறு வந்தால் சரக்கு எண்ணணும் என்று நழுவிவிடுவாள்; அந்தச் சாக்கு தீர்ந்ததால்தான் இந்தச் சுளுக்கு. மற்ற நாட்களில் நால்வரும் ஒன்றாகவே சாப்பிட்டார்கள், சீட்டாடினார்கள், சண்டை போட்டார்கள். திங்கட்கிழமைகளில் மூவரும் தனித்தனியாக வந்து தைலம், பிளாஸ்திரி, வாந்தி மாத்திரை என்று வாங்கிப் போவார்கள். "பையன் ஒருத்தனுக்கு," என்பார் வாத்தியார். எவ்வளவு கடுமையான பயிற்சி இருந்தால் இவ்வளவு தைலம் தேவைப்படும் என்று அவள் கணக்குப் போடுவாள். இப்பேர்ப்பட்ட சூரர்கள் தன் வண்டவாளம் தெரிந்தால் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். அவள் கடையின் தலைமை அலுவலகத்துக் கடிதம் வேறு மேஜையில் கிடந்தது. வேறு ஊர்க் கிளைக்குப் போகச் சம்மதமா என்று திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

ஞாயிறு காலை தூக்கக் கலக்கத்தில் கட்டைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"நேத்து கிழக்குல இருந்த கட்டு இன்னைக்கு மேற்குல இருக்கே?" என்றார் வாத்தியார்.

குனிந்து பார்த்தாள். இடது கை.

"ரெண்டு கையும்தான் சார். கட்டுத்துணி ஒண்ணுதான் இருந்துச்சு. மாத்தி மாத்திப் போட்டுக்கறேன்."

"மருந்துக்கடையில கட்டுத்துணி ஒண்ணுதானா?" என்ற தையல்காரி, தன் பையிலிருந்து துணி கிழித்து இன்னொரு கையையும் கட்டிவிட்டாள். நல்ல இறுக்கமான வேலை. விரல்கூட அசையவில்லை.

"அப்ப நான் வரல..."

"கை போனா என்ன, வாய் இருக்கே!" என்றார் டாக்டர். "நீங்க முன்னாடி உட்கார்ந்து சொல்லுங்க. நாங்க துடுப்புப் போடறோம். உங்ககிட்ட கத்துக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?"

கடற்கரையில் படகு வாடகைக்கு விடுகிறவர் இவர்களைப் பார்த்ததும், "வாங்க வாங்க, இந்த வாரமாவது..." என்று ஆரம்பித்தார். டாக்டர் பலமாக இருமினார். படகுக்காரர் வாயை மூடிக்கொண்டு லைஃப் ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார்.

ஒரு கயாக்கில் அவளும் டாக்டரும். இன்னொன்றில் தையல்காரியும் வாத்தியாரும். கரையிலிருந்து இருபதடி போனதும் எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

"வலது!" என்றாள், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

டாக்டர் வலது பக்கமே துடுப்புப் போட்டார். கயாக் வட்டமடித்தது.

"இடது!"

இப்போது அந்தப் பக்கம் வட்டமடித்தது. நிபுணர்கள் இப்படித்தான் திரும்புவார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

"எனக்கு எந்தப் பக்கம்?" என்று வாத்தியார் கத்தினார்.

"நேரா வாங்க!"

வாத்தியார் நேராகத்தான் வந்தார். இடிப்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. இரண்டும் கவிழ்ந்தன.

"காப்பாத்துங்க! எனக்கு நீச்சல் தெரியாது!" என்று அலறினாள் மாத்திரைக்கா. கால் தரையில் பட்டது. தண்ணீர் இடுப்பளவுதான். எழுந்து நின்றாள். வாயிலிருந்து உப்புத் தண்ணீரோடு நாலு மாதத்து உண்மையும் வெளியே வந்தது.

"அந்தப் படத்துல இருக்கறது நானில்ல. தைலக் கம்பெனிக்காரங்க ஒட்டினது. நான் ஏணியில ஏறினாலே தலை சுத்தும். கையில சுளுக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க சிநேகம் போயிடுமோன்னு பயந்துதான் பொய் சொன்னேன். நாளைக்கே மாத்தலுக்குச் சரின்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிடறேன்."

அழுதாள். கட்டுப் போட்ட கைகளால் கண்ணைக்கூடத் துடைக்க முடியவில்லை.

டாக்டர் தண்ணீரைப் பார்த்தார். தையல்காரி அவளிடம் நகர்ந்து வந்து கட்டை அவிழ்க்க ஆரம்பித்தாள். வாத்தியார் நனைந்த வரைபடத்தைப் பிழிந்தார்.

கயாக்குகளைப் பிடிக்க முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்த படகுக்காரர்தான் வாயைத் திறந்தார்.

"அடப் பாவமே! அப்ப யாருக்குப் பிடிக்கும்னு இந்த மூணு பேரும் நாலு மாசமா எங்கிட்ட வாந்தி எடுத்துக்கிட்டே துடுப்புப் போடக் கத்துக்கறாங்க?"