இருபத்துநாலு நிமிடச் சமரசம்

மோகன்ராஜ் நோட்டீஸ் ஒட்டிய இருபதாவது நிமிடத்தில் முந்நூறு பேர் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டார்கள்.

சமாதானம் செய்யத்தான் அந்த நோட்டீஸையே எழுதினான். ஒரகடத்தில் கார் சீட் தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவன் எச்.ஆர். அதிகாரி. சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. 'தாமதமாக வருவதைப் பழக்கமாகக் கொண்ட நம் அருமைத் தொழிலாளர்களின் சிரமத்தை நிர்வாகம் நன்கு உணர்ந்துள்ளது' என்பது முதல் வரி. 'அருமை' என்று போட்டோமே, அதை ஏன் ஒருத்தரும் படிக்கவில்லை என்று அவனுக்கு இன்னும் ஆற்றாமை.

விவகாரம் சின்னதுதான். மணிமங்கலத்திலிருந்து ஆட்களை ஏற்றி வரும், கான்ட்ராக்டர் ஓட்டும் கம்பெனி பஸ் லாரி நெரிசலில் மாட்டித் தாமதமாக வரும். அதில் வந்தவர்களுக்கு லேட் மார்க் விழும். மூன்று லேட் மார்க் சேர்ந்தால் அரை நாள் லீவு போய்விடும்.

"பஸ்ஸும் உங்களுது, லேட்டும் உங்களுது, லீவு மட்டும் எங்களுதா சார்?" என்று கேட்டாள் யூனியன் செயலாளர் அம்சவல்லி. தையல் பிரிவில் பதினான்கு வருஷ சர்வீஸ். பத்து மெஷின் ஓடும் சத்தத்தையும் மீறிக் கேட்கும் குரல்.

மோகன்ராஜ் பஸ்ஸைப் பதினைந்து நிமிடம் முன்னால் கிளப்பச் சொன்னான். வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்த இருபத்திரண்டு பேரை விட்டுவிட்டு பஸ் வந்து சேர்ந்தது. இருபத்திரண்டு பேருக்கும் ஆப்சென்ட். சரி என்று இன்னொரு பஸ் விட்டான். அது ஓட்டை பஸ். நல்ல பஸ்ஸில் ஏறுவது தையல் பிரிவா, ஃபோம் பிரிவா என்று ஸ்டாப்பிலேயே தள்ளுமுள்ளு. அதைத் தணிக்கத்தான் அந்த நோட்டீஸ்.

இப்போது திங்கட்கிழமை முதல் ஷிஃப்டிலிருந்து ஸ்டிரைக். இங்கிருந்து இரண்டு மணி நேரம் சீட் போகாவிட்டால் இருங்காட்டுக்கோட்டை கார் தொழிற்சாலையில் லைனே நின்றுவிடும்.

"சனிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள முடிங்க" என்றார் பிளான்ட் ஹெட், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல். "முடியலன்னா திங்கக்கிழமை நீங்களும் வர வேணாம்."

இரு தரப்பும் ஒத்துக்கொண்டது ஒரே ஒரு விஷயத்தில்தான். ஜீவானந்தம் என்ற ஓய்வுபெற்ற தொழிலாளர் அதிகாரியை நடுவராகக் கூப்பிடலாம். அவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. அதிகம் பேசமாட்டார், பேசினால் மேட்டர் முடிந்தது என்று கேள்வி. போனிலும் 'சனிக்கிழமை வருகிறேன்' என்று மட்டும்தான் சொன்னார்.

சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு கேட்டிலிருந்து செக்யூரிட்டி குமாரவேல் போன் செய்தான்.

"சார், பெரியவர் ஒருத்தர் வந்துகிறாரு. மீட்டிங் ரூமுக்குப் போணுமாம்."

"மரியாதையா கூட்டினு வாய்யா!"

வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, தோளில் கனமான பை. அறுபது வயதிருக்கும். உள்ளே நுழைந்ததும் மோகன்ராஜும் அம்சவல்லியும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். எட்டு மாதத்தில் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

"நான் வந்து..." என்று ஆரம்பித்தார் அவர்.

"தெரியும் சார். உக்காருங்க. காபி சாப்டுங்க" என்று மோகன்ராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

அவர் தயங்கி உட்கார்ந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வந்ததுமே தெரிஞ்சிபோச்சு. சூடு ஜாஸ்தி. மொதல்ல அத்தத்தான் எறக்கணும்."

அம்சவல்லி சிலிர்த்தாள். "என்னையா சொல்றீங்க?"

"உன் பக்கம் மட்டும் இல்லம்மா. அந்தப் பக்கமும் அப்டித்தான் கீது."

மோகன்ராஜின் முகத்தில் வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

"எவ்ளோ நாளா இப்டி?"

"எட்டு மாசமா" என்றார்கள் இருவரும்.

"நடுவுல யாருமே தொறந்து பார்க்கலியா?"

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"மூணு மாசத்துக்கு ஒருக்கா தொறந்து பார்த்துட்டா இவ்ளோ தூரம் வராது. உள்ளாற அழுக்கு சேர்ந்துடும். அப்பறம் சும்மா சத்தம்தான் வரும், வேலை நடக்காது."

மோகன்ராஜுக்கு மயிர் கூச்செறிந்தது. நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனம் திறந்து பேச வேண்டும்.

பெரியவர் எழுந்து அப்படியும் இப்படியும் நடந்தார். "ஏம்மா, நீ எழுந்து இந்தாண்ட வா. சார், நீங்க அந்தாண்ட போங்க. மாறி உக்காருங்க. அப்பத்தான் எனக்கு கரெக்டா தெரியும்."

இடம் மாறி உட்கார்ந்தார்கள். அம்சவல்லி எச்.ஆர். நாற்காலியில் சாய்ந்து ஒரு சுற்று சுற்றினாள். சுகமாகத்தான் இருந்தது.

"இப்ப சொல்லுங்க. அங்க எப்டி கீது?"

மோகன்ராஜ் தொண்டையைச் செருமினான். தொழிலாளி இடத்தில் இருந்து யோசி என்கிறார்! யோசித்தான். யோசிக்க யோசிக்கக் கோபம் வந்தது.

"நாலரைக்கு எழுந்து, சோறாக்கி, ஓடிவந்து பஸ்ல ஏறினா, லாரிக்காரன் குறுக்க வுட்டதுக்கு என் லீவா? இது என்ன நியாயம்?" என்று மேஜையைக் குத்தினான்.

அம்சவல்லியும் சளைக்கவில்லை. "உனுக்கு இன்னாப்பா, சொல்லிட்டே. மேல கேக்கறவனுக்கு நான்தானே பதில் சொல்லணும்? நேரத்துக்கு சீட்டு போவலன்னா என் சீட்டு போயிடும்!"

சொல்லி முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ பாவம். உங்களுக்கு இவ்ளோ கஷ்டம் கீதா சார்?"

"உங்களுக்குந்தாம்மா" என்றான் மோகன்ராஜ்.

பெரியவர் இருவரையும் கொஞ்சம் மிரட்சியோடு பார்த்தார். பிறகு ஜன்னலைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "நெனச்சேன்" என்றார். "கோளாறு உள்ளாற இல்ல. வெளிய கீது. அத்த சரி பண்ணாம உள்ளாற கீறத தட்டினே இருந்தா எப்டி?"

இருவரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். கீழே பஸ்கள் வரிசையாக நின்றிருந்தன.

"கான்ட்ராக்டர்!" என்று கத்தினாள் அம்சவல்லி.

"ஆமாம்மா! லேட்டுக்கு அந்தாளைத்தான் கேக்கணும். நாம எதுக்கு அடிச்சிக்கினு இருக்கோம்?" என்றான் மோகன்ராஜ்.

மிச்சம் ஒன்றே ஒன்று. பஸ் தாமதமானால் எத்தனை நிமிடம் வரை லேட் மார்க் போடக் கூடாது? அம்சவல்லி முப்பது என்றாள். மோகன்ராஜ் பதினெட்டு என்றான். பத்து நிமிடத்தில் பழையபடி குரல்கள் ஏறின.

"முப்பது!"

"பதினெட்டு!"

"முப்பதுக்குக் கொறஞ்சா ஒத்துக்க மாட்டோம்!"

பெரியவர் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தார். "அட, பதினெட்டும் வேணாம், முப்பதும் வேணாம். இருபத்திநாலுல வெச்சிடுங்க. எந்த ஆபீஸ்லயும் நான் அத்தத்தான் சொல்றது. எல்லாருக்கும் ஒத்துக்கும். அடிக்கடி ஏத்தி எறக்கினே இருக்காதீங்க."

பதினெட்டுக்கும் முப்பதுக்கும் சரியான நடு இருபத்துநாலு. கணக்கு போட்டுப் பார்த்த மோகன்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன மனுஷன்!

ஒன்றரை மணிக்கு ஒப்பந்தம் டைப் ஆகி வந்தது. மூன்று ஷரத்துகள். இருபத்துநாலு நிமிடச் சலுகை. தாமதத்துக்குக் கான்ட்ராக்டரே பொறுப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டுக் கூட்டம். பிளான்ட் ஹெட் ஓடி வந்து படித்துவிட்டு, முதல் முறையாகச் செல்போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மோகன்ராஜின் கையைக் குலுக்கினார். அம்சவல்லி ஜன்னலில் நின்று, "ஜெயிச்சிட்டோம்!" என்று கூவினாள். கீழே முந்நூறு பேரும் விசிலடித்தார்கள். கறுப்பு பேட்ஜ்கள் கழன்றன. கேன்டீனிலிருந்து ஜாங்கிரி வந்தது. முதல் ஜாங்கிரியை அம்சவல்லி மோகன்ராஜ் வாயில் ஊட்டினாள், ஃபோட்டோ எடுத்தார்கள்.

மோகன்ராஜ் இரண்டு கையாலும் பேனாவை ஏந்திப் பெரியவரிடம் நீட்டினான்.

"ஐயா, நடுவர்ன்ற இடத்துல நீங்களும் ஒரு கையெழுத்து போட்டுடுங்க. உங்களை இந்தக் கம்பெனி மறக்கவே மறக்காது."

அவர் பேனாவைப் பார்த்தார். சுவரில் உயரத்தில் பார்த்தார். பையைத் திறந்து ஸ்பேனரை எடுத்தார்.

"நான் எதுக்கு சார் கையெழுத்து போடணும்? நீங்கல்லாம் கொஞ்சம் எழுந்து வெளிய போனீங்கன்னா, நான் இந்த ஏ.சி.யக் கழட்டி கிளீன் பண்ணிட்டுப் போயினே இருப்பேன்."