பார்க்கிங்கை முந்தியவர்

ஐஸ் ஹாக்கி பார்க்கப் போகிறவர்களில் பல ரகம் உண்டு. தொண்டை கிழியக் கத்துகிற ரகம், நடுவரின் பரம்பரையையே இழுத்துத் திட்டுகிற ரகம், பியர் வாங்க வரிசையில் நின்று மூன்று கோலைத் தவறவிட்டுவிட்டு, திரும்பி வந்து "என்ன ஆச்சு?" என்று பக்கத்துச் சீட்டுக்காரனின் உயிரை எடுக்கிற ரகம். இவர்களை நீங்கள் எங்கும் பார்க்கலாம். நான் இப்போது அறிமுகப்படுத்தப்போகிறவர் பயணத் திட்டக்காரர். வெளியூர்களில் இவர் அபூர்வம். கனடாவில் இருக்கும் எங்கள் தண்டர் பே ஊரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். காரணம் எளிது. எங்கள் ஊரில் பெரிய அணி இல்லை. மேற்கே போனால் வின்னிபெக், தெற்கே போனால் எல்லை தாண்டி அமெரிக்காவின் செயின்ட் பால். எந்தப் பக்கம் போனாலும் ஒரு பகல் முழுக்க வண்டியில்தான். அப்படிப்பட்ட ஊரில் ஆட்டத்தை நேசிக்கிறவனைவிட, ஆட்டத்துக்குப் போகிற வழியை நேசிக்கிறவன் சுலபமாக உருவாகிவிடுகிறான். என்னை நம்பலாம். நானும் அந்த ஜாதிதான்.

ஜூலையில் வரப்போகும் பருவத்தின் அட்டவணை வெளியாகும் நாள்தான் இவருக்குப் பெருநாள். ஊரே ஏரிக்கரைக் குடில்களில் சௌனா என்னும் நீராவி அறையில் வியர்த்து, தண்ணீரில் குதித்து, தொத்திறைச்சி சுட்டுத் தின்றுகொண்டிருக்க, இவர் மட்டும் சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான படகுத்துறையின் நுனியில், ஈரக் கால்சட்டையோடு, கைபேசியை வானத்துக்கு நீட்டியபடி நின்றுகொண்டிருப்பார். வந்துவிட்டது! புதிதாக எந்த வீரன் சேர்ந்தான், யார் கால் முறிந்து கிடக்கிறான், அணி தேறுமா தேறாதா, இதெல்லாம் இவருக்கு எதற்கு? வெள்ளி சிகாகோ, ஞாயிறு மதியம் செயின்ட் பால். நடுவில் ஒரு நாள் ஓய்வு. அந்த இரண்டு தேதிகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் கண்டு இவர் முகம் மலரும் மலர்ச்சி, கல்யாணப் போட்டோவில்கூட இல்லை என்று வீட்டில் சொல்வார்கள்.

எங்கள் ஊர்த் திட்டக்காரர்களில் தலையாயவர் டாவ்னோ கிவெலா. பள்ளிப் பேருந்துகளுக்கு வழித்தடம் போடுவது அவர் வேலை. எந்தப் பிள்ளையை எந்த முனையில் ஏற்றினால் எந்தச் சிவப்பு விளக்கைத் தவிர்க்கலாம் என்று வாரம் முழுக்க யோசிக்கிற மனுஷன், சனி ஞாயிறு வந்ததும் அதே மூளையை ஹாக்கிக்கு எடுத்துக்கொண்டு போவார். அவருடைய வேனில் ஏறுகிறவர்களுக்குச் சில சட்டங்கள் உண்டு. பெட்ரோல் போடும் இடத்திலேயே கழிப்பறை; வேறு இடத்தில் கிடையாது. சூப் குடிக்கக் கூடாது, சூப் நேரம் எடுக்கும். எல்லையில் அதிகாரி நகைச்சுவை சொன்னால் அளவாகச் சிரிக்க வேண்டும். அதிகம் சிரித்தால் இன்னொன்று சொல்வார். ஒவ்வொரு ஊரைத் தாண்டும்போதும் டாவ்னோ ஒரு வார்த்தை சொல்வார்.

"முந்திட்டோம்."

யாரை? எதை? யாரும் கேட்டதில்லை. இருபது வருஷமாக அவரோடு பயணம் செய்யும் கார்னெட் ஸ்லோபோடியன், ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற பெரிய உடம்புக்காரர், பின்சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "ஆமா தலைவரே, முந்திட்டோம்" என்பார். அவ்வளவுதான்.

போன பிப்ரவரியில் இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு புது ஆள் வந்து சேர்ந்தார். வேறு யாருமில்லை, டாவ்னோவின் மனைவி டார்லீன். கார்னெட்டின் மச்சானுக்குக் காய்ச்சல், ஒரு டிக்கெட் மிச்சம். டாவ்னோ அதை யார் தலையில் கட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த டார்லீன் திரும்பிப் பார்த்தார்.

"நான் வரேன்."

"நீயா? உனக்கு ஹாக்கி பிடிக்காதே."

"பிடிக்காதுதான். ஆனா இருபது வருஷமா குளிர்காலம் பூரா என்னை விட்டுட்டு நீ எதைப் பார்க்கப் போறேன்னு எனக்குத் தெரிய வேணாமா? ஒரு தடவை வந்து பார்த்துட்டா மனசு ஆறிடும்."

டாவ்னோ இதைச் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டார். அவருடைய முதல் கவலை, டார்லீனின் கழிப்பறைப் பழக்கம் பற்றியது.

புறப்பட்டார்கள். பிஜன் நதி எல்லையில் அதிகாரி வண்டிக்குள் குனிந்து பார்த்தார். மூவர் மேலும் வின்னிபெக் அணியின் சட்டை.

"எங்கே போறீங்க?"

"செயின்ட் பாலுக்கு. ஆட்டம் பார்க்க."

"அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டா? அழறதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா சார்? இங்கேயே ஓரமா நிறுத்திட்டு அழலாமே."

டாவ்னோ அளவாகச் சிரித்தார். டார்லீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதிகாரி உற்சாகமாகி இன்னொன்று சொன்னார். டாவ்னோவின் விரல்கள் ஸ்டீரிங்கில் தாளம் போட்டன.

ஏரியை ஒட்டிய சாலையில் டார்லீன் தெர்மாஸைத் திறந்து காப்பி ஊற்றிக் கொடுத்தபடி கேட்டார்: "இத்தனை வருஷத்துல நீ பார்த்ததுலயே பெஸ்ட் எது, டாவ்னோ?"

டாவ்னோ யோசித்தார். முகம் கனிந்தது. "ஒரு தடவை டுலூத்துக்குள்ள நுழையறோம். மலை இறக்கம் பூரா பச்சை விளக்கு. ஒண்ணுகூட சிவப்பு விழல. கார்னெட், ஞாபகம் இருக்கா?"

"நான் தூங்கிட்டிருந்தேன்," என்றார் கார்னெட்.

டார்லீன் தெர்மாஸைத் திருகி அடைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செயின்ட் பாலில் வண்டியை நிறுத்துவதே ஒரு வேள்வி. வண்டியின் மூக்கு வெளியேறும் வாசலைப் பார்த்து இருக்க வேண்டும். வலது பக்கம் திரும்புகிற வாசலாக இருக்க வேண்டும். பக்கத்தில் பெரிய லாரி நிற்கக் கூடாது. டாவ்னோ மூன்று முறை சுற்றி வந்து ஓர் இடத்தைப் பிடித்தார். பார்க்கிங் கண்காணிப்பாளர் பையன், "சார், உள்ளே கதவுக்குப் பக்கத்துலயே இடம் இருக்கே" என்று கை காட்டினான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்? உள்ளே போகிறவனுக்குத்தான் அந்தக் கதவு. டாவ்னோ வெளியே போகிறவர்.

ஆட்டம் தொடங்கியது. டார்லீனுக்கு விதிகள் தெரியாது. அதனால் என்ன? பக்கத்துச் சீட்டில் எதிரணியின் பச்சைச் சட்டை போட்ட ஒரு பருத்த அம்மாள். சோளப்பொரியை நடுவில் வைத்து, இரண்டு பேரும் மாறி மாறித் தின்று, இரண்டு அணியையும் மாறி மாறித் திட்டிக்கொண்டிருந்தார்கள். டாவ்னோ என்ன செய்துகொண்டிருந்தார்? கைபேசியில் சாலை நிலவரம் பார்த்துக்கொண்டிருந்தார். வடக்கே லேசாகப் பனி. பரவாயில்லை. காற்று? சமாளிக்கலாம். இடையில் கூட்டம் எழுந்தபோதெல்லாம் அவரும் எழுந்தார், உட்கார்ந்தபோது உட்கார்ந்தார்.

கடைசிப் பகுதியில் பாதிக்கு மேல் போய்விட்டது. வின்னிபெக் ஒன்று, செயின்ட் பால் மூன்று. டாவ்னோ கோட்டை மாட்டினார்.

"கிளம்பலாமா?"

"எங்கே?" என்றார் டார்லீன்.

"வண்டிக்கு. இப்ப போனாத்தான் கூட்டத்தை முந்தலாம். இனிமே எங்கே ஜெயிக்கப் போறாங்க?"

"ஆட்டம் முடியலையே!"

"டார்லீன், ஆட்டம் முடியற வரைக்கும் இருந்தா அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்துல வெளியே வருவாங்க." இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்ல முடியும்?

"வரட்டுமே. நான் பார்த்துட்டு வரேன். நீ போ."

டாவ்னோ கார்னெட்டைப் பார்த்தார். இருபது வருஷமாக, கோட்டு மாட்டப்பட்ட உடனே எழுந்துவிடுகிற கார்னெட், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

"உன் வீட்டம்மாவைத் தனியா விட்டுட்டு வரலாமா? நான் துணைக்கு இருக்கேன்."

"நீயுமா?"

"டேய், நான் ஒண்ணு சொல்லட்டுமா? இத்தனை வருஷத்துல ஒரு ஆட்டத்தோட கடைசி அஞ்சு நிமிஷத்தை நான் நேர்ல பார்த்ததே இல்லடா. ஜெயிச்சா ஆளுங்க எப்படிக் குதிப்பாங்கன்னு டி.வி.யிலதான் பார்த்திருக்கேன்."

டாவ்னோவுக்குக் கோபம் வந்தது. கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா? தனியாகவே கிளம்பினார். வாசலில் நின்ற பெண், "வெளியே போனா திரும்ப உள்ளே விட மாட்டோம், பரவாயில்லையா?" என்று கேட்டபோது, பெருமையாகவே தலையாட்டினார்.

வண்டி சூடேறியது. வாசல் காலியாக, அழகாக, பனி படிந்து கிடந்தது. அவர் ஒருவர்தான். முந்திவிட்டார். ரேடியோவைப் போட்டார். உள்ளூர் வர்ணனையாளர், வீட்டில் ஏதோ துக்கம் நடந்ததுபோல, "இது எப்படி நடந்தது என்றே தெரியவில்லை, வின்னிபெக் இன்னொரு கோல்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். டாவ்னோ நிமிர்ந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் இன்னும் தழுதழுத்தது. மூன்றுக்கு மூன்று! சுவருக்கு அந்தப் பக்கம் பதினெட்டாயிரம் பேர் ஒரே மூச்சில் முனகுவது கண்ணாடி வழியாகவே கேட்டது. டாவ்னோ ஹாரனை அழுத்தினார். ஆளில்லாத பார்க்கிங்கில் அது எருமை கத்துவதுபோல ஒலித்தது. கடைசி விநாடிகளில் வர்ணனையாளர் வாக்கியத்தை முடிக்காமலே நிறுத்திவிட்டார். நாலு. வின்னிபெக் நாலு! டாவ்னோ ஸ்டீரிங்கைக் கட்டிப்பிடித்தார். வேறு யாரைக் கட்டிப்பிடிப்பது?

கண்காணிப்பாளர் பையன் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினான்.

"என்ன சார், உடம்பு சரியில்லையா?"

"ஜெயிச்சுட்டோம்!"

பையன் சட்டையைப் பார்த்தான், அரங்கத்தைப் பார்த்தான், மறுபடியும் இவரைப் பார்த்தான். "அப்ப நீங்க ஏன் இங்க இருக்கீங்க?"

டாவ்னோ கண்ணாடியை மெதுவாக ஏற்றினார்.

டார்லீனும் கார்னெட்டும் வெகுநேரம் கழித்து வந்தார்கள். அதற்குள் ஊர் வண்டிகளெல்லாம் வாசலை அடைத்துக்கொண்டிருந்தன. டார்லீனுக்குக் குரலே இல்லை. கார்னெட்டின் கண் சிவந்திருந்தது. சீட்டில் ஏறியதுமே டார்லீன் ஆரம்பித்துவிட்டார்.

"நம்ம கோல்காரப் பையன் திடீர்னு வலையை விட்டுட்டு ஓடி வந்துட்டான், டாவ்னோ. பாவம், வயிறு சரியில்லையோன்னு நினைச்சேன்."

"இல்லம்மா, அவனை எடுத்துட்டு இன்னொரு ஆளை முன்னால விட்டிருக்காங்க. சரி, மூணாவது கோல் யார் போட்டது?"

"முன்பல் இல்லாத ஒருத்தன்."

"ஹாக்கிக்காரங்க யாருக்குமே முன்பல் இல்லையே! நம்பர் என்ன?"

"நம்பரை யார் பார்த்தா? கடைசி கோல் விழுந்ததும் பக்கத்துல இருந்த அம்மா என்னைக் கட்டிக்கிட்டு அழுதா. நானும் அழுதேன். அவ துக்கத்துல அழுதா, நான் சந்தோஷத்துல அழுதேன். நீ இருந்திருந்தா..."

டாவ்னோ வண்டியை ஓட்டினார். டுலூத் தாண்டியும் அவர் 'முந்திட்டோம்' என்ற அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கார்னெட் குறட்டை விடத் தொடங்கிய பிறகு, டார்லீன் மெல்லக் கேட்டார்: "உண்மையைச் சொல்லு. இத்தனை வருஷமா அங்க போய் நீ என்னத்தைத்தான் பார்த்த?"

டாவ்னோ ரேடியோவை அணைத்தார்.

"வெளியே போற வழியை," என்றார்.

டார்லீன் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. அவர் தோளைத் தட்டி, "சரி, முதல் கோல்லேர்ந்து மறுபடி சொல்றேன், கேளு" என்றார். எல்லை வரும்வரை சொன்னார். பாதி தப்பு. டாவ்னோ ஒன்றைக்கூடத் திருத்தவில்லை.

இதையெல்லாம் நான் கற்பனை செய்யவில்லை. டாவ்னோவே காப்பிக் கடையில், இளஞ்சிவப்புக் கிரீம் தடவிய பெர்ஷியன் பன்னைக் கடித்துக்கொண்டே, தன்னைத்தானே நடித்துக்காட்டி, ஹாரன் சத்தத்தையும் வாயாலேயே போட்டுச் சொன்னார். கடையே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் தங்கள் வண்டியின் மூக்கை வாசலுக்கு நேராக நிறுத்தியிருந்தார்கள்.

மார்ச்சில் மறுபடியும் போனார்கள், இம்முறை வின்னிபெக்குக்கு. டார்லீன் டாவ்னோவின் கோட்டை மடித்துத் தன் அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார். கடைசி நிமிஷங்களில் டாவ்னோவின் முழங்கால் தானாகவே ஆடியதாம், ஆனாலும் இருந்தார். நம் அணி ஆறுக்கு ஒன்று என்று நாறிப்போய்த் தோற்றது. பிறகு பார்க்கிங்கில் ஒரு மணி நேரம் ஓர் அடிகூட நகர முடியவில்லை. "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். "படு மோசம்," என்றார் டாவ்னோ. "கடைசி மணி அடிக்கிற வரைக்கும் படு மோசம்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கும் ஹாக்கிக்கும் என்ன சம்பந்தம், பனியையே நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன் என்கிறீர்கள். சரி. ரயில் நிலையம் வருவதற்கு இரண்டு ஊர் முன்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவோரம் நிற்பது யார்? கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் சாப்பாட்டுக்கூடத்து வாசலில் செருப்பைத் தேடுவது யார்? அதையும் விடுங்கள். இதைப் படிக்க உட்கார்ந்ததும், இது எங்கே முடிகிறது என்று கடைசிப் பக்கத்தை ஒரு தடவை புரட்டிப் பார்த்தீர்களா, இல்லையா?