கம்பவுண்டர் மேல் ஒரு கீர்த்தனைப் புத்தகம்

காதலிக்கிறவர்கள் கவிதை எழுதுவதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் எழுதியதைப் போட்டிக்கு அனுப்புவதை மட்டும் யாராவது கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். என்னைத் தடுக்க ஆள் இல்லை. அதனால் என் காதல் அச்சேறி, அட்டை போட்டு, ஆலயத்தில் ஜெபத்தோடு வெளியிடப்பட்டு, இன்றைக்கும் நாலைந்து சபைகளில் ஆர்மோனியத்தோடு பாடப்பட்டு வருகிறது. பாடுகிற யாருக்கும் அது காதல் என்று தெரியாது. தெரிந்த சிலரும் என் வீட்டிலேயே இருக்கிறார்கள். அதுதான் தொல்லை.

அப்போது நான் சுசீந்திரத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் மிஷன் பெண்பள்ளி ஆசிரியை. கல்யாணமாகவில்லை. அப்பா கொழும்பில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வீட்டில் அம்மாவும் நானும்தான். எங்கள் ஊரில் மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஒரு சின்னக் கிளை இருந்தது. ஓலைக்கூரை, ஒரு மேஜை, ஒரு அலமாரி, அவ்வளவுதான். செவ்வாயும் வெள்ளியும் நாகர்கோவிலிலிருந்து ஒரு கம்பவுண்டர் எங்கள் ஊர்ப் பழையாற்றைத் தாண்டிச் சைக்கிளில் வருவார். பெயர் ஞானமுத்து. வெள்ளைக் கால்சட்டை, தலையில் சோலாத் தொப்பி. சைக்கிளிலிருந்து அவர் இறங்குகிற அழகைப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் நிற்கும். (கூட்டம் என்றால், நான்.)

எனக்கு அந்த வருஷம் பயங்கரமான வயிற்றுவலி. செவ்வாய்க்கிழமை வரும். வெள்ளிக்கிழமை வரும். மற்ற நாட்களில் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் தாராளமாக உள்ளே போகும். கிளை ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க நாமே குப்பி கொண்டுபோக வேண்டும். நான் குப்பியைச் சாம்பல் போட்டு விளக்கி, பளபளவென்று ஆக்கி எடுத்துப் போவேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "குப்பின்னா இப்படி இருக்கணும்" என்று மற்றவர்களிடம் காட்டுவார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி நான் எத்தனை கசப்புத் தண்ணீர் குடித்தேன் என்பது என் குடலுக்குத்தான் தெரியும்.

குடித்த கையோடு எழுதவும் தொடங்கினேன். மிஷன் பள்ளி ஆசிரியை 'காதல்' என்ற சொல்லை எழுதினால் அன்று மாலையே பெட்டியைக் கட்ட வேண்டும். எனவே ரொம்ப மரியாதையாக எழுதினேன். 'அவன்' என்று ஓர் இடத்திலும் இல்லை, எங்கும் 'அவர்'. 'கம்பவுண்டர்' என்ற சொல்லை எந்த ராகத்தில் வைத்தாலும் தாளத்தை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஆகவே அவரை வைத்தியராக உயர்த்திவிட்டேன். (ஆஸ்பத்திரி அவருக்குக் கடைசிவரை தராத பதவி உயர்வு அது.) மாதிரிக்கு ஒன்று:

*வருவாரோ – என் வைத்தியர் வருவாரோ?*
*பழையாறு கடந்தே, பசும்வயல் தொடர்ந்தே,*
*இருசக்கரம் உருள, இன்மணி ஒலிக்க – வருவாரோ?*

*வெறுங்குப்பி ஏந்தி வாசலில் நின்றேன்;*
*நிறைத்தென்னை அனுப்பும் நேசக் கரத்தார் – வருவாரோ?*

இப்படி ஒரு கட்டுப் பாட்டுகள் சேர்ந்தபோது, சபைப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பிரசுர சங்கம் ஒன்று, புதிய பாட்டுப் புத்தகத்துக்குப் போட்டி வைத்திருந்தது. பொருள் எதுவாகவும் இருக்கலாம்; ஒழுக்கத்துக்கு விரோதமாக மட்டும் இருக்கக் கூடாது. தேர்ந்தெடுக்கும் கையெழுத்துப் பிரதியைச் சங்கமே தன் செலவில் அச்சிடும்.

என் கணக்கு எளிமையானது. புத்தகம் வெளிவரும், அவர் வாங்குவார், இருசக்கரமும் மணியும் வாசித்ததும் புரிந்துகொள்வார், தொப்பியைக் கழற்றியபடி எங்கள் வீட்டுக்கு வருவார். இந்தக் கணக்கில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. (பள்ளியில் நான் கணக்குப் பாடமும் எடுத்துக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.)

நல்ல தாளில் படி எடுத்து, 'வைத்தியர் வருகை' என்று தலைப்பிட்டு, எழுதியவர் பெயருக்கு, வேதாகமத்துப் பெண்கள் தங்களைச் சொல்லிக்கொள்கிற மாதிரி, 'ஓர் அடியாள்' என்று போட்டேன். உண்மைப் பெயரும் விலாசமும் தனி உறையில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். வீட்டு விலாசத்தைத் தந்தால் அம்மா பிரிப்பாள் என்று பயந்து, ஆலய விலாசத்தை எழுதினேன். என் வாழ்க்கையில் நான் செய்த புத்திசாலித்தனங்களில் இதற்குத்தான் முதலிடம்.

இரண்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை. ஒரு நாள் மாலை எங்கள் போதகர் ஐயா கையில் ஒரு கடிதத்தோடு வாசலில் வந்து நின்றார். நல்ல மனிதர், பெரிய சரீரம், மெதுவான பேச்சு. அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் வெளிப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். வேலை போயிற்று, மானம் போயிற்று, அப்பா கொழும்பிலிருந்து கப்பல் ஏறப் போகிறார் என்றெல்லாம் மனசில் ஓடியது.

"பிள்ளே, தங்கபாய்," என்றார். "இதெல்லாம் நீயா எழுதினே?"

"ஆமாய்யா," என்றேன். அந்த 'ஆமாய்யா' எனக்கே கேட்கவில்லை.

"எப்பம் எழுதினே?"

"செவ்வாயும் வெள்ளியும்."

"உபவாசம் இருந்தியோ?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாசித்தார். 'ஆத்தும வைத்தியராகிய ஆண்டவருக்காக ஏங்கும் ஓர் அடியாளின் உள்ளத்தை இவ்வளவு நெகிழ்ச்சியாகப் பாடிய நூல் சமீபத்தில் எங்கள் பார்வைக்கு வரவில்லை. நடுவர்கள் ஏகமனதாக இதையே தெரிந்தெடுத்துள்ளனர். தலைப்பில் ஒரு சிறு திருத்தம் மட்டும் செய்துள்ளோம்.' அந்தச் சிறு திருத்தம்: 'பரம வைத்தியர் வருகை'.

பரம என்ற மூன்றே எழுத்தில் ஞானமுத்துவைப் பரலோகத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன் என்றுகூடச் சொல்லலாம். "ஐயா, அது வந்து..." என்று ஆரம்பித்தேன். "தாழ்மை! இதுதான் வேண்டியது!" என்று அவர் என் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டார். ஜெபம் முடிந்தபோது அம்மா அழுதுகொண்டிருந்தாள். அதற்குமேல் உண்மையைச் சொல்ல என்னால் ஆகுமா? சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் புத்தகம் வரும். இருபத்திரண்டு வயதுப் பெண் எதைத் தெரிந்தெடுப்பாள்? புத்தகத்தைத்தான்.

அறுப்பின் பண்டிகைக்குப் புத்தகம் வந்து சேர்ந்தது. ஆலயம் முழுக்க வாழைக்குலையும் நெற்கதிரும் பூசணிக்காயும். பெரிய பள்ளியை நடத்தும் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாள் நாகர்கோவிலிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஞானமுத்து. நான் ஆர்மோனியத்தின் முன்னால். பாடகர் குழு 'வருவாரோ' பாடியது. நான் மூன்றாவது பெஞ்சையே பார்த்துக்கொண்டு வாசித்ததில் ஸ்வரங்கள் பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்த் திரும்பின. அதையும் பக்திப் பரவசம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு போதகர் ஐயா வியாக்கியானம் செய்ய எழுந்தார்.

"பழையாறு என்கிறாள் நம் சகோதரி. எந்தப் பழைய ஆறு? யோர்தான்! அதைக் கடந்து வருகிறார். இருசக்கரம் என்கிறாள். நான் இரண்டு நாள் சிந்தித்தேன். அது என்ன இரு சக்கரம்? பழைய ஏற்பாடு ஒரு சக்கரம், புதிய ஏற்பாடு ஒரு சக்கரம். ஒன்று இல்லாமல் மற்றொன்று ஓடுமா?"

"ஓடாது," என்று சபையில் யாரோ சொன்னார்கள். பார்த்தால், ஞானமுத்து. சைக்கிள்காரருக்குத் தெரியாதா?

"இன்மணி என்பது கடைசி எக்காளம். வெறுங்குப்பி நம்முடைய இருதயம். கசப்பு மருந்து என்று ஒன்பதாம் பாட்டில் வருகிறதே, அது உபத்திரவம். 'மூடியைத் திருகி முகம் பார்த்துச் சிரித்தார்' என்பது..." இங்கே ஐயா கொஞ்சம் நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "இது மிகவும் ஆழமான இடம். அடுத்த ஞாயிறு பார்ப்போம்."

மிஸ்ஸியம்மாள் தலையை அசைத்துக் குறிப்பு எடுத்துக்கொண்டார். இந்தக் கூத்து முழுவதிலும் அம்மா மட்டும் அசையவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆராதனை முடிந்து நான் ஆர்மோனியத்தை மூடும்போது மெல்லக் கிட்டே வந்தாள். காதோரம் குனிந்து கேட்டாள்:

"ஏட்டி, ஆண்டவரு எப்பம்ட்டி சைக்கிளு வாங்குனாரு?"

நான் பாட்டுப் புத்தகங்களை அடுக்கத் தொடங்கினேன்.

"அவருக்கும் செவ்வாயும் வெள்ளியும்தான் நம்ம ஊருல வேலையோ?"

"அம்மா, மெதுவா."

"மெதுவாத்தான் கேக்கேன். நீதான்லா ஊருக்கே பாடிக் காட்டிட்டே."

அவள் திட்டவில்லை. அதற்குள் ஆலய வாசலில் ஞானமுத்து எனக்காகக் காத்து நிற்பதைப் பார்த்துவிட்டாள். கையில் என் புத்தகம். அம்மா என் முந்தானையைச் சரிசெய்து, "போ. என்ன சொல்லுகாருன்னு கேளு," என்று முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். அந்தத் தள்ளலுக்காக நான் அவளை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

அவர் முகம் சிவந்திருந்தது. தொப்பியைக் கையில் சுழற்றினார். நான் கற்பனை செய்திருந்ததும் சரியாக இதைத்தான்.

"டீச்சர், இந்தப் பாட்டு என் மனசை என்னவோ செய்துட்டு."

"அப்படியா," என்றேன்.

"ஒரு காரியம் கேக்கணும். கேக்கலாமா வேண்டாமான்னு தெரியல்ல."

"கேளுங்க."

"அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். பொண்ணு ஆஸ்பத்திரி நர்சுதான். கல்யாணத்துல இந்தப் பாட்டைத்தான் பாடணும்னு இப்பம் தீர்மானிச்சேன். நீங்களே வந்து ஆர்மோனியம் வாசிச்சா பெரிய உபகாரம்."

காணிக்கையாக வந்த வாழைக்குலைகளை ஏலம் போடும் சத்தம் உள்ளேயிருந்து கேட்டது. நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சரி என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் அவர் சந்தோஷமாகச் சைக்கிளில் ஏறினார். ஏறியபின் ஒரு காலை ஊன்றித் திரும்பிப் பார்த்து அக்கறையாகக் கேட்டார்:

"வயித்துவலி இப்பம் எப்படி இருக்கு?"

"போயிட்டு," என்றேன். உண்மைதான். அந்த நிமிஷத்தோடு போயே போய்விட்டது.

கல்யாணத்துக்குப் போய் வாசித்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் ஆலயத்துக்குள் நுழைய, நானே எழுதிய ஏக்கத்தை நானே மெட்டுப் பிசகாமல் வாசிக்க, ஜனங்கள் எழுந்து நின்று கேட்டார்கள். மணப்பெண் நல்லவள், என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். கோபப்படக்கூட ஒரு வசதி செய்து தரவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் அம்மா எனக்கு இரண்டாம் முறை பாயசம் விடச் சொன்னாள். வீடு திரும்பும் வழியில் மாட்டுவண்டியில் உட்கார்ந்து நான் கொஞ்சம் அழுதேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. 'பழைய ஏற்பாடு ஒரு சக்கரம்' என்று ஐயாவின் குரலில் சொன்னாள். வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இருவரும் சிரித்தோம்.

அதற்கடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை மராமத்து இலாகாவில் ஓவர்சியர். குளத்துக் கரைகளையும் மடைகளையும் பார்ப்பவர். அம்மா ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு மருமகனுக்கு மீன் வறுத்து வைத்துக்கொண்டே கதை முழுவதையும் சொல்லிவிட்டாள். அவர் கோபப்படவில்லை. ராத்திரி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்:

"அவருக்கு ஒரு புஸ்தகம் முழுக்கப் பாட்டு. எனக்கு ஒண்ணாவது உண்டா?"

நியாயம்தானே. எழுதினேன். இந்த முறை ஒளிவுமறைவு இல்லை. தாலி கட்டிய புருஷன், யாருக்குப் பயம்? வெயிலில் கரையில் நிற்கிறவர், சேறு படிந்த காலோடு வருகிறவர், நான் உப்புப் போட மறந்த குழம்பை வாய் பேசாமல் சாப்பிடுகிறவர் என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். என் எழுத்திலேயே அதுதான் சிறந்தது என்று இன்றும் நினைக்கிறேன். பிரசுர சங்கம் மறுபடியும் போட்டி வைத்தபோது, வேறு சில பாட்டுகளோடு சேர்த்து அதையும் அனுப்பினேன்.

பிரதி திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுக் காகிதம்: 'மொழி நன்று. ஆனால் இந்தப் பாட்டில் வரும் மனிதரிடம் ஆவிக்குரிய அர்த்தம் எதுவும் காணப்படவில்லை.'

என் வீட்டுக்காரர் அதை வாசித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மனசு நொந்துவிட்டாரோ என்று பயந்தேன். மறுநாள் நாகர்கோவிலுக்குப் போய், அந்தக் காகிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக்கொண்டு வந்து முன்னறையில் மாட்டிவிட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதைக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கிளம்பச் சொன்னால், சாய்வு நாற்காலியில் இருந்தபடியே சுவரைச் சுட்டுவார்.

"எனக்கு எதுக்கு? ஆவிக்குரிய அர்த்தம் இல்லன்னு எழுதியே தந்துட்டாவள்லா. நீ போயிட்டு வா."

இப்போது என் பிள்ளைகளும் இதைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பரீட்சையில் மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்டால்கூட, சுவரைச் சுட்டி இதுதான் பதில்.