கட்டில் கணக்கு கேட்ட ரைட்டர்

'எனக்கு ஒரு பேதமும் கிடையாது' என்று சொல்லித் திரியும் ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். யாரும் கேட்காமலே சொல்வார்கள். சொன்ன கையோடு 'ஆனா' என்று இழுப்பார்கள். அந்த 'ஆனா'வுக்குள் ஒரு லாரியே திரும்பலாம். இந்த இனத்தின் உயர்ந்த ரகம் ஒன்றை அருகிலிருந்து ஆராயும் பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது. தினமும் காலையில் அவருக்கு நான்தான் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துவிடுகிறேன்.

நான் காவல் நிலையத்தில் ரைட்டர். புகார் கொடுக்க வருகிறவர்கள் சொல்வதை எழுதுவது வேலை. இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். சட்டைக் கையில் காய்ந்த ரத்தம். அவரோடு வசிக்கும் பஸ் டிரைவர் முந்தின நாள் மாலை வேலை முடிந்து திரும்பும்போது, பைக்கில் வந்த இருவர் தெருமுனையில் மறித்து, சொல்லக் கூசும் வார்த்தையெல்லாம் சொல்லி, இரும்புக் குழாயால் தாடையை உடைத்துவிட்டார்கள். ஆள் ஆஸ்பத்திரியில்.

"அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"நாங்க சேர்ந்து வாழுறோம் சார். பதினோரு வருஷமா."

"சரி, நண்பர்."

"நண்பர் இல்ல சார்."

'நண்பர்' என்று எழுதினேன். எனக்கு ஒரு பேதமும் கிடையாது. ஆனா, படிவத்தில் இடம் கொஞ்சம்தானே?

பிறகு விசாரணையில் இறங்கினேன். வீட்டில் எத்தனை அறை, எத்தனை கட்டில், அம்மாவுக்குத் தெரியுமா, அக்கம்பக்கத்தில் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள், ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, கடைசியாக எப்போது சண்டை, சண்டையில் முதலில் குரலை உயர்த்துவது யார் என்று ஒன்று விடாமல் கேட்டு மூன்று பக்கம் நிரப்பினேன். நடுவில் அவர் இரண்டு தடவை, "அந்தத் தெருமுனைக்கு எதிர்க்கடையில கேமரா இருக்கு சார். ஒரு வாரம்தான் பதிவு நிக்குமாம்" என்றார். "அதுக்கு வருவோம்" என்றேன். வரவில்லை.

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். "இவங்களுக்குள்ளேயே ஏதாவது தகராறா இருக்கும். நேத்து சாயங்காலம் இந்த ஆள் எங்க இருந்தான்னு கேளு."

கேட்டேன். கடையில்தான் இருந்தேன் என்று நிரூபிக்க அவர் மத்தியானம் வரை பெஞ்சில் காத்திருந்தார். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சுவாரசியமாகச் சொன்னேன். அவள் கேட்டாள்: "கட்டில் எத்தனைன்னு கேட்டீங்க. பைக் என்ன கலர்னு கேட்டீங்களா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அது இறங்க ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் எதிர்க்கடைக்குப் போனேன்.

"போன வாரமே வந்திருக்கக் கூடாதா சார்? அழிஞ்சிடுச்சு" என்றார் கடைக்காரர்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள்; டிரைவரால் பேச முடியாது. ஒரு தாளை வாங்கி எழுதிக் கொடுத்தார்: சிவப்பு பைக், நம்பரின் கடைசி மூன்று எண்கள், ஒருவன் காலைச் சாய்த்து நடப்பான், போன மாதம் இவர் பஸ்ஸில் ஏறி வம்பிழுத்தவன். மொத்தம் நாலே வரி. அதுவரை அவரிடம் யாரும் கேட்கவில்லை.

இருவரையும் பிடித்தோம். குழாய் கிடைக்கவில்லை, படமும் இல்லை. டிரைவரின் சாட்சியம் தவிர இருந்தது என் மூன்று பக்கம்தான். எதிர்த்தரப்பு வக்கீல் அதை எடுத்து, 'காவல்துறையே இதை வீட்டுத் தகராறு என்றுதானே சந்தேகப்பட்டது?' என்று கேட்டு, நீதிமன்றத்தில் முழுதும் வாசித்தார். ஓர் எழுத்தில்கூடத் தடுமாறவில்லை. அவ்வளவு தெளிவான கையெழுத்து.

இருவரும் விடுதலை.

வராந்தாவில் கண்ணாடிக் கடைக்காரர் என்னைப் பார்க்காமல் நடந்தார். டிரைவர் நின்றார். முகம் ஒரு பக்கம் கோணியிருந்தது.

"மன்னிச்சிடுங்க" என்றேன். "எனக்கு ஒரு பேதமும்..."

"இருக்குன்னு முதல்லயே சொல்லியிருந்தா," என்றார், ஒவ்வொரு சொல்லாக மென்று, "வேற ஆள்கிட்ட போயிருப்போம் சார்."

'நல்லவேளை, நான் போலீஸ் இல்லை' என்று மூச்சு விடுகிறீர்களா? அவசரப்படாதீர்கள். நான் வேலையில் சேர்ந்த பிறகு இப்படி ஆனவன் இல்லை. வரும்போதே முழுசாகத்தான் வந்தேன். இங்கே சீருடை மட்டும்தான் கொடுத்தார்கள்.